ஹாஜா முகைதீன் உட்கார்ந்த சஹன்

கீழக்கரையில் கல்யாண விருந்து என்றால் சஹன்தான். பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்துவிடுவார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். எலெக்ட்ரீஷியன் ஹாஜா முகைதீன் பதினோரு வருஷமாக அந்த வட்டத்தில் உட்கார்ந்ததில்லை. கூப்பிட்டால், "ஜெனரேட்டரப் பாக்கணும், நீங்க சாப்பிடுங்க" என்பார். என்ன பொறுப்பான மனுஷன் என்று ஊரே மெச்சியது. ஊருக்கு என்ன தெரியும்.

சவூதியின் தம்மாமில் வேலை பார்த்த காலத்தில் முழங்கையில் சின்னச் செதிலாகத் தொடங்கியது சொரியாசிஸ். ஊர் திரும்புவதற்குள் விரல் முட்டிவரை வந்துவிட்டது. ஒரு விருந்தில் எதிரே இருந்த உறவுக்காரர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பசியில்லை என்று எழுந்து போனார். அன்றோடு சரி. வீட்டிலும் தனித் தட்டு, தனித் துண்டு, கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வீட்டில் யாரும் அவரை ஒதுக்கவில்லை, அவரே ஒதுங்கிக்கொண்டார். மீன்தான் காரணம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், கடற்கரையில் பிறந்த மனிதர் மூன்று வருஷமாக மீனைத் தொடவில்லை. அப்படியொரு வீம்பு.

மகள் தஸ்னீமுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அவர் வசமாக மாட்டிக்கொண்டார். பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையின் தகப்பனாரும் ஒரே சஹனில் உட்காருவது அவர்கள் குடும்பத்து வழக்கம். ஜெனரேட்டரைச் சொல்லித் தப்ப முடியாது. இதுதான் சமயமென்று மனைவி நூர் நிஷா அவரை ராமநாதபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தோல் டாக்டர் ஜெயசுதா கையுறைகூடப் போடாமல் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹாஜா முகைதீன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், டாக்டர் விடவில்லை.

"இது தொத்தாது பாய். உடம்போட எதிர்ப்புச் சக்தி தப்பா வேல செய்யுது. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோலு நாலஞ்சு நாள்ல வளந்து உதிருது. அடியோட போயிரும்னு சொல்லமாட்டேன். அடக்கி வைக்கலாம்."

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாள் மாத்திரை, தினமும் களிம்பு, குளித்த ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய். நாலு மாதத்தில் முழங்கை தெளிந்தது. மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்ன அன்றே நூர் நிஷா குழம்பு வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், கவலைப்பட்டே வலது கையில் மறுபடி செதிலை வரவழைத்துக்கொண்டார். டாக்டரிடம் ஓடினார்.

"ஒரே ஒரு ஊசி போடுங்கம்மா. அன்னைக்கு மட்டும் தெரியாம இருந்தாப் போதும்."

"அந்த ஸ்டீராய்டு ஊசி இப்ப அமுக்கும், அப்புறம் ரெண்டு மடங்காக் கிளப்பிவிட்டுரும். நான் போடமாட்டேன். இந்தக் கையோடயே போய் உக்காருங்க."

டாக்டர்மேல் அவருக்கு அப்படியொரு கோபம்.

விருந்தன்று சஹன் வந்தது. எதிரே சம்பந்தி இஃப்திகார். ஹாஜா முகைதீனின் கை மடியைவிட்டு எழும்பவில்லை. அந்த நேரம் பார்த்து மின்விசிறிகள் நின்றன. ஜெனரேட்டர் மக்கர். தப்பித்தோம் என்று பாதி எழுந்தேவிட்டார்.

இஃப்திகார் அந்தக் கையையே பிடித்து உட்காரவைத்தார். அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டார்.

"உக்காருங்க காக்கா, அதப் பாக்க ஆளு இருக்கு. உங்க கையப் பத்தி, பேசி முடிக்க வந்த அன்னைக்கே தஸ்னீம் எங்க வீட்டுப் பொம்பளைககிட்டச் சொல்லிருச்சு. 'எங்க வாப்பாவுக்கு இது இருக்கு, எனக்கும் வரலாம், யோசிச்சுக்கங்க'ன்னு. உள்ளதச் சொல்ற பிள்ளைய யாராச்சும் விடுவாகளா?"

சொல்லிக்கொண்டே நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்து அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

ஹாஜா முகைதீன் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். ஊசி போடாத டாக்டரையும் மறைக்கத் தெரியாத மகளையும் நினைத்துக் கண் கலங்கியது. நல்லவேளை, புழுக்கத்தில் எல்லார் முகத்திலும் வேர்வைதான். விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியபோது தட்டு பாதி காலி. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.