எங்கள் வீட்டுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வந்தபோது

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த அந்த மீன் நாற்றம்... இத்தனை வருடம் கழித்தும் மூக்கில் அப்படியே இருக்கிறது மக்களே.

அப்போது நான் ப்ளஸ் ஒன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலேயே அம்மா மெஸ் நடத்தினார். தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன்கள்தான் சாப்பிட வருவார்கள். ஞாயிறு என்றால் மீன் குழம்பு. முதல் நாளே மீனை வாங்கி ஃப்ரிட்ஜில் அடைத்துவிடுவார்.

கரண்ட் தன் இஷ்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம். மின் போனால் மீனும் போச்சு... இதை அன்றைக்கே சொன்னேன். அம்மா கரண்டியைத் தேடினார்.

அந்த ஞாயிறு ரசமும் அப்பளமும்தான். பையன்களில் மூத்தவர் இசக்கி அண்ணன், திருநெல்வேலிக்காரர். கை கழுவிவிட்டு வந்து தயங்கி நின்றார்.

"யக்கா, தப்பா நெனைச்சிக்கிடாதீய. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா பயலுவ மண்ணூர்க்காரர் மெஸ்ஸுக்குப் போயிருவானுவ. நான் சொன்னாலும் கேக்க மாட்டானுவ."

அவர்கள் போனால் மெஸ் இல்லை. மெஸ் இல்லையென்றால் அம்மா பழையபடி கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போக வேண்டும். மறுநாள் மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். கூட நானும்.

ஸ்ரீபெரும்புதூர் ஷோரூமில் சேல்ஸ்மேன் ஒரு டபுள் டோர் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே லைட், கண்ணாடித் தட்டு, முட்டைக்குத் தனி வீடு...

"முன்னூறு லிட்டர் மேடம்."

"லிட்டரு தண்ணிக்குப்பா. இந்த குண்டான் உள்ள போவுமா, அத்த சொல்லு."

போகவில்லை. தட்டைக் கழற்றினால் குண்டான் போனது, கதவு மூடவில்லை. அந்த வரிசையில் இருந்த எல்லா ஃப்ரிட்ஜுக்கும் இந்தப் பரீட்சை நடந்தது. எல்லாம் ஃபெயில். கடைசியில் மூலையில் இருந்த ஒன்றைக் காட்டி அம்மா கேட்டார்.

"அது இன்னா, படுத்துகினு கீது?"

"அது டீப் ஃப்ரீசர் மேடம். மேல தொறக்கற மூடி. கதவுன்னா தொறந்ததும் ஜில்லுனு கீற காத்து கீழ கொட்டிடும். இதுல கொட்டாது. ரொப்பி வெச்சிட்டு மூடிய தொறக்காம இருந்தீங்கன்னா கரண்ட்டு போனாலும் தாங்கும்."

அம்மா மூடியைத் திறந்து குண்டானை இறக்கினார். மூடினார். மூடியது. அவ்வளவுதான் வியாபாரம்.

"குளிர்சாதனப் பெட்டி இல்லம்மா இது, குளிர்சாதப் பெட்டி" என்றேன். சேல்ஸ்மேன் மட்டும் சிரித்தார்.

நம்ம பக்கம் ஃப்ரீசர் பாக்ஸ் என்றால் எது என்று உங்களுக்கே தெரியும். சாவு வீட்டு வாசலில், கண்ணாடி மூடியோடு... பெட்டியை ஏற்றி வந்த டிரைவர் வெளியூர்க்காரர் போல. தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்திக் கேட்டார்.

"ஃப்ரீசர் பாக்ஸ் எறக்கணும். மெஸ் வூடு எதுங்க?"

நான் அங்கேதான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். டீ மாஸ்டர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டேய்... அப்பா எங்கடா?"

"தூங்கறாரு."

"எப்போலேர்ந்து?"

"காலைலேர்ந்து. நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து படுத்தாரு."

"ஐயோ, புள்ளைக்கு சொல்லவே இல்லியா" என்று ஓர் அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அது டீப் ஃப்ரீசர், மீன் வைக்க, என்றேன். அழுகை கூடியது. தெருவில் அதுவரை நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்பியிருக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உண்மை சொன்னேன்... ஒருவரும் நம்பவில்லை.

வீட்டுக்குள் அப்பா ஓரகடத்து ஷிஃப்ட் களைப்பில், வெளிச்சம் படாமலிருக்கத் தலை வரைக்கும் போர்த்தி நேராக நீட்டிப் படுத்திருந்தார். பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சேதி ரூம்களுக்கும் போய், இசக்கி அண்ணன் கம்பெனி யூனிஃபார்மோடு மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் மெஸ் பையன்கள் மொத்தப் பேரும்.

காய்கறிப் பையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய அம்மாவுக்கு வாசலில் அந்தப் பையன்கள் மட்டும்தான் கண்ணில் பட்டார்கள்.

"எல்லாரும் சேந்து கணக்கு முடிச்சிக்கத்தான் வந்தீங்களா, தம்பி? பெட்டி வாங்கிட்டேன்பா... இந்த ஒரு வாரம் பாருங்க."

அதற்குள் போர்வை அசைந்தது. அப்பா லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"இன்னா கூட்டம்? மனுசன தூங்க விட மாட்டீங்களா?"

டீ மாஸ்டர் திண்டாடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அப்பா மாலையைப் பார்த்தார். இசக்கி அண்ணன் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்து, முடியாமல், வண்டியில் இருந்த பெட்டியின் மேல் போட்டார். "புதுப் பொட்டிக்குத்தாம்ணே" என்றார். அப்பாதான் முதலில் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமையும் கரண்ட் போனது. எவனும் திறக்கக் கூடாதென்று அம்மா மூடியின் மேலேயே ஏறி உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். மறுநாள் மீன் கல் மாதிரி இருந்தது. இசக்கி அண்ணன் மூன்றாம் முறை குழம்பு கேட்டபோது அம்மா மீன் துண்டோடு ஊற்றினார். மண்ணூர்க்காரர் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

இப்போது என் ஃப்ளாட்டில் டபுள் டோர் ஃப்ரிட்ஜ். கரண்ட் போவதே இல்லை. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டிலும் அரை எலுமிச்சம்பழமும் வசதியாகக் குடியிருக்கின்றன.

போன வருடம் அதே தெருவுக்கு நிஜ ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. டிரைவர் யாரையும் வழி கேட்கவில்லை, மேப் இருந்தது. இசக்கி அண்ணன் ஊரிலிருந்து பஸ் பிடித்து மாலையோடு வந்திருந்தார். இந்த முறை அது அப்பாவுக்குத்தான்; எங்கே போடுவது என்று அவர் தடுமாறவில்லை.

"அப்பா எங்கப்பா?" என்று, யார் சாவு என்று தெரியாமலே வந்தவர் யாரோ கேட்டார்.

தூங்கறாரு என்று சொல்லத்தான் வாய் வந்தது... அன்றைக்கே ஒருவரும் நம்பவில்லை.