சுருளுக்குள் போன சம்மதம்

மாலை நாலே காலுக்கு எங்கள் வீட்டு ஸ்பீக்கருக்குள் நுளம்பு பாடத் தொடங்கியது. அதுவரை என் அக்கா, ராத்தாவின் கல்யாணத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பதுளையில் அப்போது நிகாஹ் பள்ளிவாசலில், ஆண்கள் மத்தியில் நடக்கும். மணப்பெண் வீட்டில் இருப்பாள். அன்று காலை வாப்பா இரண்டு சாட்சிகளோடு வந்து ராத்தாவிடம் சம்மதம் கேட்டார். அவள் தலையாட்டியது போதாதென்று வாயாலும் சொல்ல வைத்தார்கள். அவர்கள் போனதும் அவள் மாமாவிடம், "மாப்பிள்ள சம்மதம் செல்றத நானும் கேக்கோணும்" என்றாள்.

மாமா ரேடியோ திருத்துகிறவர். தெரிந்த கடையொன்றில் ஒரு சுருள் மெல்லிய வயரை இரவல் வாங்கி, பள்ளிவாசல் ஆம்பிளிஃபயரிலிருந்து எங்கள் வீட்டுக்கு இழுத்தார். விறாந்தைக்கு வந்தபோது முக்கால் சுருள் மிச்சம். முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதல்லவா? வெட்டாமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, மறுநுனியை ஸ்பீக்கரில் மாட்டினார்.

நாலே காலுக்கு நிகாஹ் தொடங்கியபோது வந்தது கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம்தான். "நிகாஹ் ஓதுறது லெப்பையா, நுளம்பா?" என்று மாமி கேட்க, பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை.

விருந்துக்கு வந்திருந்த மாமாவின் கூட்டாளி, தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கரண்ட் வேலை பார்ப்பவர், மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.

"என்னங்க நானா, இவ்வளவு வயரையும் சுருட்டி வச்சிருக்கீங்க?"

"அது சும்மாதானே கெடக்கு. சத்தம் நேரா வரும்."

"எங்கங்க நேரா வரும்? சுருள் பூரா சுத்திட்டுத்தான் வரணும். மெல்லிசு வயரு. வர்ற வழியிலேயே சத்தம் செத்துப்போகும். வெட்டுங்க."

செத்த சத்தம் கேட்கிறதா என்று நான் சுருளில் காதை வைத்துப் பார்த்தேன். மாமா வயர் வெட்டும் குறட்டைக் கையில் பிடித்தபடி கடைக்காரரை நினைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து உம்மா கத்தினார்: "தம்பி, குமர்ட கலியாணம் பெருசா, கடக்காரன்ட வயர் பெருசா?"

மாமா வெட்டினார். பல்லால் உறையைக் கடித்து உரித்து, அவசரமாக முறுக்கி மாட்டினார். வீடே அதிரும்படி வந்தது சத்தம்: "ஆமீன்!"

நிகாஹ் முடிந்திருந்தது. ராத்தா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். கல்யாணம்தான் ஆகிவிட்டதே, பிறகு எதற்கு அழுகிறாள் என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளுடைய சம்மதத்தைக் கேட்க மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளையுடையதைக் கேட்க அவளுக்கு இருந்தது அந்த வயர் ஒன்றுதான். இத்தனை வருஷம் கழித்து, நாளைக்கு என் மகளுக்கு நிகாஹ். மண்டபத்தில் மைக் பார்க்கிறவரை இன்று நாலு தடவை அழைத்துவிட்டேன்.

அன்று மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார். உம்மா வாசலிலேயே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மாமா சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார். மாப்பிள்ளை ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து, பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார்:

"ஒங்களுக்குக் கேக்கல்லயாமே. சம்மதத்த இன்னொருக்கா செல்லட்டா?"