வெள்ளைச் சுவரில் நான் அடித்த அலமாரி

பாப்பாக்கா, உன் மேலேயும் எனக்குக் கோபம்தான். ஒரே ஒரு தடவை சொன்னாய், அதோடு விட்டுவிட்டாய். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அந்த அலமாரியைக் கழட்டியிருப்பேன். கத்தியிருக்கலாம். என்னை நாலு அறை விட்டிருக்கலாம். சின்ன வயதில் எதற்கெல்லாமோ அடித்தவள்தானே நீ.

அவள் என் கூடப்பிறந்த அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். வயிற்றில் கட்டி வந்து, முப்பது முடிவதற்குள் செத்துப்போனாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அம்பத்தூரில் ஒரு மாடுலர் கிச்சன் கடையில் ஃபிட்டர் வேலை செய்கிறேன். ப்ளைவுட் அறுப்பேன், அதன் மேல் மைக்கா ஷீட் ஒட்டுவேன், சுவரில் துளை போட்டு அலமாரி மாட்டுவேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரி கேன்டீனில் வேலை. குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையலறை. அந்த ஒரு அறையில் கட்டில், கட்டிலுக்குக் கீழே மூன்று டிரங்குப் பெட்டி, பீரோ, தையல் மெஷின், ஓடாத ஒரு டிவி, அதன் தலையில் ஓடுகிற டிவி. பரண் முழுக்க அக்கா கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்த எவர்சில்வர். அக்கா படுக்கிற இடம் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில். புரண்டால் பெடல் முட்டியில் இடிக்கும். காலையில் முட்டியைத் தேய்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவாள். அவள் அதை எவ்வளவு வெறுத்தாள் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

வளர்ந்ததும் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்றபடி, ஊரில் யார் யாரோ ஆர்டர் போட்ட சாமானை எடுத்துப் பெட்டியில் போட்டு ஒட்டுகிற வேலை. கல்யாணமாகி, அவளும் மாமாவும் சேர்ந்து சேக்காட்டில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினார்கள். மாமா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பால் காய்ச்சுகிற அன்று எல்லோரும் போனோம். ஹாலில் ஒன்றுமே இல்லை. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். ஒரு ஃபேன், ஒரு ஜன்னல், ஓரமாகச் சுருட்டி வைத்த ஒரு பாய். காலண்டர்கூட இல்லை.

அப்பா கூடப்பிறந்த அத்தை வாசலிலேயே நின்றாள். "இன்னாடி பாப்பா, சாமான்லாம் இன்னும் வண்டியில வந்துகினு கீதா?"

"இல்ல அத்த, அவ்ளோதான். உள்ள வந்து உக்காருங்க."

"எதுல உக்கார சொல்ற? தரையிலயா?"

"தரைய இன்னிக்கு மூணு வாட்டி தொடச்சிகிறேன் அத்த. உங்க சேலைய விட சுத்தமா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அம்மா சீர் பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள். இரண்டு குக்கரும் நாலு தட்டும் போதும் என்று மீதியை அக்கா அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பிவிட்டாள். இத்தனை வருஷம் சேர்த்ததை மகள் வேண்டாம் என்று சொன்னதை அம்மா கடைசிவரை மறக்கவில்லை.

அக்கா ஃபோனில் காலி வீடுகளின் படமாகப் பார்ப்பாள். ஒரு நாற்காலி, ஒரு செடி, அவ்வளவுதான் வீடு. எனக்கும் காட்டினாள்.

"பணக்காரன் ஊட்ட காலியா வெச்சா ஸ்டைலுன்றாங்க," என்றேன். "நம்ம வெச்சா வக்கில்லாதவன்னு சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போறாங்க. நாள் பூரா சாமான் மூஞ்சிலயே முழிக்கிறேன்டா. ஊட்டுக்கு வந்தாலும் அதானா? வந்தா கை கால நீட்டி அந்த சுவத்த பாத்துகினு படுப்பேன். அது போதும் எனக்கு."

அந்த மாதிரி வீடுகளுக்கு வேலை செய்கிறவன் நான். அண்ணா நகரிலிருந்து பூந்தமல்லி வரை பெரிய ஃபிளாட்டுகளில் எல்லோரும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். கண்ணில் எதுவும் படக் கூடாது. கைப்பிடி கூடாது, ஸ்க்ரூ தெரியக் கூடாது, மிக்ஸி தெரியக் கூடாது. தரையிலிருந்து சீலிங் வரை வெள்ளை ஷட்டர், அதாவது அலமாரிக் கதவு, அடித்துத் தருவோம். தள்ளினால் திறக்கும். வேலை முடிந்து நாலு நாள் கழித்து ஷட்டர் சரி பார்க்கப் போனால் உள்ளே அடை அடையாக இருக்கும். பிரிக்காத பெட்டிகள், ஆறு ஜக்கு, பிள்ளை வளர்ந்த பிறகும் தூக்கிப் போடாத நடைவண்டி. வெளியே நின்று பார்த்தால் கோயில் பிரகாரம் மாதிரி இருக்கும். ஒரு வீட்டம்மா ஷட்டரில் என் விரல் ரேகை பதிந்திருக்கிறது என்று கடைக்கு ஃபோன் போட்டார். இதை அக்காவிடம் சொன்னேன்.

"அது காலி இல்லடா," என்றாள். "ஒளிச்சி வெக்கிறது."

இதையெல்லாம் அவள் வாயாலேயே கேட்டவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வயிற்றுக் கட்டிக்காக அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா அங்கே துணைக்கு இருந்தாள். ஒருநாள் அம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். "மருந்து வெக்க எடமில்ல, துணி வெக்க எடமில்ல. அந்த மொட்ட ஊட்ல நோயாளிய எப்டிடா பாத்துக்கறது? நீதான் ஊருக்கெல்லாம் அடிக்கிறியே. உன் அக்காவுக்கு ஒண்ணு அடிக்க மாட்டியா?"

அது எனக்குக் குத்தியது. நாலே நாளில் அடித்தேன். அவள் படுத்துப் பார்க்கிற அதே சுவரில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. நல்ல ப்ளைவுட், வெள்ளை மைக்கா, கைப்பிடி இல்லை. ஷட்டருக்கும் ஷட்டருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி, எல்லாம் ஒரே அளவு. அவ்வளவு சுத்தமாக நான் எந்தப் பணக்காரன் வீட்டிலும் வேலை செய்ததில்லை.

மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அவளுக்குப் புடிக்காது மச்சான்."

"வெள்ளையாதான் மாமா கீது. சுவரு மாதிரியேதான் தெரியும். பாரு நீ."

மாமா பார்த்தார். வேலை முடிந்த அன்றே அம்மா வந்து, பால் காய்ச்சின நாளில் திரும்பிப்போன சீர் பாத்திரங்களைக் கொண்டுவந்து மேல்தட்டில் அடுக்கினாள். அம்மா முகத்தில் அன்று ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நினைத்தால் இப்போது எனக்கு எரிகிறது.

இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு கூட்டிவந்தோம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். மாமாதான் தூக்கிவந்து ஹாலில் பாயில் படுக்கவைத்தார். பகல் பதினொரு மணி இருக்கும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தாள்.

"யார்ரா அடிச்சது?"

"நான்தான்க்கா."

"நல்லா நறுவிசா அடிச்சிகீற." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கழட்டிடுடா."

"ஒடம்பு தேறட்டும்க்கா. இப்ப கழட்டுனா தூசி. உனக்கு இருமல் வரும்."

தூசி உண்மைதான். ஆனால் அதற்காக நான் சொல்லவில்லை. எனக்குக் கழட்ட மனசு வரவில்லை. என் வேலையை நாலு பேர் வந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. வந்து பார்த்தார்கள். அத்தை ஷட்டரைத் தள்ளித் தள்ளித் திறந்தாள். "இப்பதான்டா ஊடு ஊடா கீது," என்றாள். அக்கா காதில் விழத்தான் சொன்னாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள், சமையலறை வாசலைப் பார்த்து. பதினொரு நாள் அப்படியே படுத்திருந்தாள். சாகும்போதும் அப்படித்தான் இருந்தாள்.

ஒரு பெண் சாகும் நேரத்தில் கேட்டது ஒரு சுவர். அதை நான் கொடுக்கவில்லை. நான் மட்டும் இல்லை. நாங்கள் யாருமே கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பகலில் டிரில்லும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போனேன். அலமாரியின் நடு ஷட்டரில் அவள் ஃபோட்டோவைப் பெரிது பண்ணி மாட்டியிருந்தார்கள். சுற்றிச் சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் மாமாவுடைய அம்மாவும் கீழே உட்கார்ந்து, காரியத்துக்கு வந்த தாம்பாளங்களைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் பல்பின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"இன்னாடா பண்ற?" என்றாள் அம்மா.

"கழட்டப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? செத்தவ ஞாபகமா ஊட்ல ஒண்ணு வாணாவா?"

"இதுல எதும்மா அவளுது? சொல்லு. இந்த குண்டானா? இந்த தாம்பாளமா? ஒண்ணே ஒண்ணு அவளுதுன்னு காட்டு, நான் அப்டியே போயிர்றேன்."

"நாலு பேரு வந்தா இன்னா நெனைப்பாங்க? பொண்டாட்டி போனதும் ஊட்ட தொடச்சி வெச்சிகிறான்னு உன் மாமாவதான் பேசுவாங்க," என்றாள் மாமாவின் அம்மா.

"அவ இருக்கும்போதே தொடச்சிதான் வெச்சிருந்தா," என்றேன்.

அம்மா எழுந்து வந்து அலமாரிக்கு முன்னால் நின்றாள். "என்னத் தாண்டிதான் கழட்டணும் நீ." அம்மாவைத் தள்ளிவிடுகிற அளவுக்கு எனக்குக் கோபம் இருந்தது. அம்மா இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

அப்போது மாமா சமையலறையிலிருந்து வந்தார். ஃபோட்டோவை இரண்டு கையாலும் இறக்கி அம்மா கையில் கொடுத்தார். "நீங்க எடுத்துகினு போங்க அத்த. உங்க ஊட்ல வெச்சி கும்புடுங்க." பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டுப் பாத்திரத்தை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். "கீழ புடி மச்சான்."

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டோம். ஷட்டர்களை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டேன். யார் கேட்டாலும் கொடுக்கவில்லை. சுவரில் இருபத்தெட்டு துளை. ஒவ்வொன்றையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, இரண்டு கை வெள்ளை அடித்தேன். பழைய வெள்ளையும் புது வெள்ளையும் சேரவில்லை. ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு துளையும் தெரிகிறது. மொத்தச் சுவரையும் மறுபடி அடித்துத் தருகிறேன் என்றேன். அப்புறம் பார்க்கலாம் மச்சான் என்கிறார் மாமா. அம்மா என்னோடு பேசி இரண்டு மாசமாகிறது. பேசாவிட்டால் போகட்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோயிலோ சர்ச்சோ மசூதியோ, எங்கே போகிறவராக இருந்தாலும் சரி, எங்கேயும் போகாதவராக இருந்தாலும் சரி. இப்போது அவள் இருக்கிற இடத்தில் யாரும் எதையும் கொண்டுவந்து அடுக்காமல் இருக்க வேண்டும், அவள் கை காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று எல்லோரும் என் அக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.