அடங்கலில் ஈர மை

இன்று நான் பரளச்சி கணக்குப்பிள்ளையின் திண்ணையில் இருந்தபோது, புருசனை இழந்த மாரியம்மா அவரிடம் வந்தாள். பருத்திக்காட்டை அவள்தான் உழுகிறாள் என்று ஊர்ச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் ஏறாவிட்டால், கொழுந்தன் தன் உழவு என்று பிடுங்கிக்கொள்வான்.

அவர் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு, “எழுதியாச்சு, போ தாயி” என்றார்.

“சீட்டு காத்துல போயிரும்யா. அடங்கல்ல ஏத்துங்க.”

“நாளைக்கு ஏத்துறேன்.”

“அப்ப நாளைக்கு வரைக்கும் இங்கனதான் இருப்பேன்.”

முணுமுணுத்தபடி புத்தகத்தைப் பிரித்து எழுதினார்.

என்னைப் போல அவளுக்கும் எழுத்து தெரியாது. ஆனால் அந்த வரியின் ஓரத்தில் விரலை ஒற்றி எடுத்தாள். விரலில் மை.

“ஏத்திட்டீக. வாரேன்யா.”

அடேயப்பா!

போன வருடம் என் கிணற்றை அடங்கலில் ஏற்றக் கேட்டபோதும் அவர் ‘எழுதியாச்சு’ என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். நாளை விரலோடு போகிறேன். உங்கள் காரியமும் சீட்டில் கிடந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.