ராசியில்லாத ரசிகர்

லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கு ராசி, கிரகம் எதிலும் நம்பிக்கை கிடையாது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள். இவர் கதவுக்கு மேலே இருக்கும் சுவிட்சில் படிந்த தூசியை உஃபென்று ஊதிவிட்டு, "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் சார், தேடணும், அவ்வளவுதான்" என்று கையைத் துடைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனுஷன், டிவியில் கால்பந்து போடுகிற நாளில் மட்டும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் பார்த்தால் அவருடைய அணி தோற்றுவிடும், அதனால்தான்.

இதைக் கண்டுபிடித்தது அவர் மனைவியின் தம்பி. ஒருநாள் இவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் நம் அணி ஒரு கோல் போட்டது. வாயைத் துடைத்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். எதிரணி ஒரு கோல் போட்டது. "அத்தான், உங்க பார்வைதான் சரியில்லை" என்றான் மச்சான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஊருக்கே பார்வை சரிசெய்து கொடுக்கிறவன் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது?

அன்று உள்ளே போனவர்தான். ஒருமுறை ஆசை தாங்காமல் கதவிடுக்கு வழியாக ஒரே ஒரு கண்ணால் பார்த்தார். எதிரணி கோல்கீப்பர் சும்மா உதைத்த பந்து மைதானம் முழுக்கப் பறந்து, வழியில் ஒரு காக்கையை விரட்டிவிட்டு, நேராக நம் கோலுக்குள் வந்து இறங்கியது. காக்கையை மச்சான் பிறகு கதையில் சேர்த்துக்கொண்டான் என்று சொல்கிறவர்களும் உண்டு. பெரிய போட்டி ஒன்று மாதக்கணக்கில் இழுத்தபோது, பொழுது போகாமல் குளியலறைக்கே புது டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டார் மனிதர்.

"எங்க வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கிறது ஃபுட்பால் ஒண்ணுதான்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வாள். அந்த எல்லாரிலும் சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரிக்கிறவர் சேர்த்திதான். மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கித் தயாராக இருப்பதால், அவளுக்கும் இந்த ராசி விஷயத்தில் பெரிய சந்தேகம் எதுவும் வரவில்லை.

இதற்கு நடுவில் மகள் வளர்ந்து பள்ளி அணியின் கோல்கீப்பர் ஆகிவிட்டாள். அந்த இடத்தில் நிற்க வேறு யாரும் முன்வராததுதான் தகுதி. தினமும் சாயங்காலம் அப்பாவும் மகளும் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போவார்கள். இரும்பு ஷட்டருக்கு முன்னால் அவள் நிற்பாள், இவர் பந்தை எறிவார். "பந்தைப் பாரு, என் மூஞ்சியப் பாக்காத!" என்று கத்துவார். ஷட்டர் அதிர்ந்தால் கோல், அதிராவிட்டால் பிடித்தாயிற்று. அங்கே ராசி தொந்தரவு இல்லை, டிவி இல்லையே.

பள்ளி அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் அவர் போனதில்லை.

"அப்பா, சனிக்கிழமை வரீங்கதானே?"

"நான் வராம இருக்கிறதுதாம்மா நான் உனக்குச் செய்யிற உதவி."

"லிஃப்ட் நின்னுபோனா ராசியில்லன்னு விட்டுட்டு வந்துடுவீங்களா?"

"அது மிஷின்மா."

மச்சான் இடையில் புகுந்தான். "குட்டி, உனக்குக் கோப்பை வேணுமா, அப்பா வேணுமா?"

"ரெண்டும் கேட்டா குடுக்க மாட்டீங்களா?" என்றாள். கையுறைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் எழுந்து போய்விட்டாள். அவள் கேட்டது அப்பாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு, வேலைக்குப் போகிறவர் மாதிரி ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இவரும் கிளம்பினார். மைதானத்துக்கு உள்ளே போகவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் மதில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தெருவைப் பார்த்து நின்றார். இது வந்ததாகவும் ஆகும், பார்த்ததாகவும் ஆகாது.

உள்ளே 'ஓ'வென்று ஒரு சத்தம். கோல்! பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் ஒன்று. நாலாவது சத்தம் வந்தபோது அவரால் அடக்க முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியிடம் போய், "என் பொண்ணு டீம்தான். நாலு கோல்!" என்றார்.

"அப்படியா சார்? எந்தக் கலரு?"

"மஞ்சள்."

காவலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலுதான் சார். ஆனா அது அடிச்சது இல்ல, வாங்கினது."

லிஃப்ட்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு பாகத்தைக் கழற்றி வைத்த பிறகும் அதே கோளாறு வந்தால், கோளாறு அந்தப் பாகத்தில் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தைத் தொழிலில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தன்னையே கழற்றி வைத்துப் பார்க்க இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

விறுவிறுவென்று உள்ளே போனார். அவரைக் கண்டதும் மச்சான் துள்ளி எழுந்தான். "அத்தான்! நீங்க வந்துட்டீங்களா? அதானே பாத்தேன், ஏன் இப்படி வாங்குதுன்னு!"

"நான் இப்பதான் வரேன் மச்சான். நாலும் நீ பாத்தது."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கோலுக்குப் பின்னால் போய் நின்று, வலையைப் பிடித்துக்கொண்டார். சேறு அப்பிய மகள் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் பல். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது பந்து அவள் காதோரமாக உள்ளே போனது.

"சொன்னேனா!" என்று மச்சான் அலறினான்.

"ராசியுமில்ல ஒண்ணுமில்ல மாமா! நான் அப்பாவைப் பாத்துட்டேன், அதான்!" என்று அங்கிருந்தே கத்தினாள் மகள்.

"பந்தைப் பாரு, என் மூஞ்சியப் பாக்காத!" என்றார் அப்பா, வண்டி நிறுத்துமிடத்துக் குரலில்.

அடுத்த பந்து மூலையைப் பார்த்து வந்தது. அவள் பக்கவாட்டில் பாய்ந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். எந்த ஷட்டரும் அதிரவில்லை. ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றுப்போன ஆட்டத்தில், கோப்பை வாங்கியவர் மாதிரி குதித்தது அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அஞ்சாவது மட்டும் உங்க கணக்குப்பா" என்றாள்.

"வெச்சுக்கம்மா" என்றார்.

அதற்காக அந்த வீடு ராசியை விட்டுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுவாரம் டிவியில் ஆட்டம். லிஃப்ட்காரர் நடு நாற்காலியில் மகளோடு உட்கார்ந்திருந்தார். நாலு கோல் யார் பார்வையில் விழுந்தது என்று வீடு கூடி யோசித்து, மச்சானைச் சமையலறைக்கு அனுப்பியிருந்தது.

திடீரென்று டிவியில் பெரிய ஆரவாரம்.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு அத்தான்?" கதவுக்குப் பின்னாலிருந்து, வெங்காயம் உரித்த கரகரத்த குரல்.

"கோல், மச்சான்!" என்றார் லிஃப்ட்காரர். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.