கட்டுக்காரம்மாவின் சாட்சியம்

உங்கள் காலில் ஆறவே ஆறாது என்று கைவிடப்பட்ட புண் ஆறிவிட்டால், முதலில் யாருக்கு நன்றி சொல்வீர்கள்? அவசரம் வேண்டாம். கட்டுக்காரம்மாவின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தொழுநோய் மருத்துவமனையில் புண் கழுவிக் கட்டுப் போடுகிறவர் அவர். இருபத்தாறு வருடமாகத் தினக்கூலி. அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் கடல் கடந்து வந்த ஒரு பாதிரியார். வந்த முதல் வாரம் சீழ் நாற்றத்தில் மயங்கி விழுந்தவர், பிறகு நாற்பது வருடம் அதே வார்டில் முழங்காலிட்டுக் கிடந்தார். ஜெபத்துக்காக அல்ல; கழுவ வேண்டிய பாதங்கள் கீழே இருந்ததால்.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கட்டிலுக்கு ஒரு நோட்டு. கட்டுப் போட்டவர் தேதி எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டுக்காரம்மா கையெழுத்துக்குப் பதிலாக ‘கடவுள் கிருபை’ என்று எழுதிவைத்தார்.

“நாளைக்குப் புண்ணுல புழு வச்சா நான் யாரைக் கூப்பிட்டுக் கேக்குறது? அவரையா?” என்றார் பாதிரியார். “உன் கையெழுத்தைப் போடும்மா.”

பாதிரியார் காலமானார். அவருக்குப் புனிதர் பட்டம் வாங்கித்தர, அவரை வேண்டிக்கொண்டதால் நடந்த ஓர் அற்புதம் தேவைப்பட்டது. அந்த வார்டில் கிடந்த தச்சர் ஒருவரின் கால் அகப்பட்டது. வெட்டி எடுக்க நாள் குறித்திருந்த கால் அது. அவர் மனைவி பாதிரியாரின் படத்தைத் தலையணைக்கடியில் வைத்தார். ஏழு மாதத்தில் கால் ஆறிவிட்டது. அது அற்புதம்தானா என்று விசாரிக்கத் திருச்சபையிலிருந்து மூன்று குருக்கள் வந்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மருத்துவமனை நிர்வாகி கட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு விட்டார். “மருந்துன்னு பெருசா ஒண்ணும் போடலைன்னு சொல்லுங்கம்மா, போதும். அடுத்த மாசமே உங்க வேலையை நிரந்தரமாக்கிடுறேன்.”

வீட்டில் மகளும் விடவில்லை. “சொல்லித் தொலையேம்மா. ஃபாதர் மேல உனக்கு இல்லாத பக்தியா?”

“அது இருக்கிறதுதான்டி தொல்லை.”

பஞ்சும் துணிச்சுருளும் அடுக்கிய அறையில் நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. கால் எப்படி ஆறியது என்று மூத்த குரு கேட்டார்.

“கழுவினேன் சாமி. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. செத்த தோலை வெட்டி எடுத்தேன். காலைக் கீழ ஊனவே விடல. அந்த மனுஷன் என்னைத் திட்டாத திட்டு இல்ல.”

“இன்னும் பாக்கி இருக்கு” என்றார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தச்சர்.

“தலையணைக்கடியில படம் இருந்துச்சா?”

“இருந்துச்சு. சனிக்கிழமை உறை மாத்தும்போது நான்தான் எடுத்துத் தொடச்சு வைப்பேன்.”

“அப்போ படத்தால ஆறலைன்னு சொல்றீங்களா?”

கட்டுக்காரம்மாவுக்கு நிர்வாகியின் முகம் கண்முன் வந்து போனது. “அது எனக்குத் தெரியாது சாமி. நோட்டுல யாரு கையெழுத்து இருக்குன்னு பாருங்க. அது நம்ம ஃபாதர் போட்ட சட்டம்.”

மூத்த குரு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏழு மாதம், நாளுக்கு இரண்டு தடவை, ஒரே கோணல் கையெழுத்து. நோட்டை மூடிவிட்டு, ‘மருத்துவக் காரணம் உண்டு’ என்று எழுதினார். யோக்கியமான மனிதர்.

பாதிரியாருக்கு வேறெங்கோ நடந்ததாகச் சொல்லப்பட்ட இன்னோர் அற்புதத்தால் பட்டம் கிடைத்தது. மருத்துவமனை வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. நிற்கிற சிலை. முழங்காலிட்ட ஆளை நிற்கவைத்துவிட்டார்கள். கட்டுக்காரம்மா இன்னும் தினக்கூலி. தான் வேலையே செய்யவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த வேலை நிரந்தரமாகியிருக்கும். செய்தேன் என்றார், நிரந்தரம் போய்விட்டது. இதைவிட அநியாயம் வேறு வேண்டுமா?

சிலையைக் கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். நீங்கள் உங்கள் ஊர் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அங்கே கட்டுப் போடுகிறவர்களில் எத்தனை பேர் தினக்கூலி, எத்தனை வருடமாக என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். கடிதத்தின் கீழே மறக்காமல் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.