லாபம் பார்க்காத தார்ப்பாய்

லாப நோக்கமற்ற நிறுவனங்களில் குப்பை கொட்டும் நண்பர்களே, வேலையைச் செய்வது சுலபம், அது என்ன வேலை என்று விளக்குவதற்குள்தான் நாக்கு தள்ளிவிடுகிறது! பாபநாசம் பக்கம் அறுவடைக் காலத்தில் நெல்லை மூடத் தார்ப்பாய் தருவது எங்கள் வேலை.

பெயர்ப்பலகை

'லாப நோக்கமற்ற நிறுவனம்' என்று பெரிதாக எழுதிப் பலகை மாட்டினோம். எனக்கு ஒரே பெருமை. எதிர் டீக்கடை சலீம் பாய் அதை வாய்விட்டுப் படித்தார். முகம் வாடிவிட்டது. ஸ்ட்ராங்காக ஒரு டீ கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

"கவலப்படாதீங்க தம்பி, என் கடையும் ஆரம்பத்துல லாபமில்லாமத்தான் கிடந்துச்சு."

புது பைக்

கொள்முதல் நிலையத்து வாசலில் செல்வி அக்காவின் குறுவை நெல் குவிந்து கிடந்தது. குத்தகை நிலத்து விளைச்சல், மொத்தமும் அதுதான். நனைந்தால் எடுக்க மாட்டார்கள். மேகம் கறுக்கிறதே என்று தார்ப்பாயோடு ஓடினேன். சின்ன வாடகை உண்டு, மிஞ்சுவதில் புதுத் தார்ப்பாய் வாங்குவோம், யார் வீட்டுக்கும் போகாது என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அக்கா என் பைக்கைச் சுற்றி வந்து பார்த்தார். சம்பளத்தில் வாங்கியது என்றேன். அவ்வளவுதான், வேண்டாம் என்றுவிட்டார்.

"சம்பளமும் வாங்கிக்கிட்டு சேவைன்னும் சொல்லுவீங்களா தம்பி?"

கடைசித் தார்ப்பாய்

மூன்று மணிக்குப் பிடித்தது பாருங்கள் காற்று! அரை மணியில் எல்லாத் தார்ப்பாயும் வாடகைக்குப் போய், மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு வைக்கோல் வியாபாரி மூன்று மடங்கு வாடகை நீட்டுகிறார். அந்த நேரம் பார்த்து, "தம்பி, என் நெல்லு!" என்று செல்வி அக்கா ஓடி வருகிறார். நான் யோசிக்கவே இல்லை. தார்ப்பாயைப் பைக்கில் போட்டுப் பறந்தேன். நாலு மூலையில் நாலு பேர், ஒரு மூலையில் அக்காவே ஏறி உட்கார்ந்துவிட்டார். கொட்டியது மழை! விட்டதும் தூக்கிப் பார்த்தோம். நெல் காய்ந்தே இருந்தது. சந்தோஷத்தில் நான் கத்தியே விட்டேன். பின்னாலேயே வந்து நின்ற வியாபாரிதான் தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் பொழைக்கவே தெரியலைங்க."

கோணி ஊசி

கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு முடித்த மறுநாள் அக்கா தார்ப்பாயைக் கொண்டுவந்தார். துடைத்து, காயவைத்து, ஓரத்துக் கிழிசலைக் கோணி ஊசியால் தைத்திருந்தார். நான் கேட்கவேயில்லை. அடுத்து வாங்க நின்ற பெண், "வாடகையும் குடுத்துட்டு நீ எதுக்குக்கா தைக்கிற?" என்றாள்.

"இதுல யாரும் லாபம் பாக்கலடி, அடுத்து உன் நெல்லத்தானே மூடப் போவுது."

சலீம் பாய் மட்டும் எங்கள் வியாபாரம் என்றைக்காவது சூடுபிடிக்கும் என்று நம்பி இன்னும் டீக்குக் காசு வாங்குவதில்லை என்பதால், இந்தத் தொழிலில் நான் பார்க்கும் அந்த ஒரே லாபமும் போய்விடக் கூடாதென்று பலகையின் அர்த்தத்தை அவரிடம் விளக்காமலே வைத்திருக்கிறேன்.